இரண்டாவது சாரதி

வாடகை வானை எடுக்கப் போன வியாழக்கிழமை காலையில், லண்டன் நோர்பரியின் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் இராஜேந்திரன் மனைவியிடம் அதைச் சொன்னார்.

“உன்ர லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு வா.”

“எனக்கு ஏன்?” என்றார் சிவனேஸ்வரி.

“ரெண்டாவது ட்ரைவர் எண்டு ஒரு பேர் போடலாமாம். சும்மா கிடக்கட்டும்.”

சிவனேஸ்வரி திரும்பி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். வாகன விஷயத்தில் இராஜேந்திரன் ஒன்று சொன்னால் அந்த வீட்டில் யாரும் இரண்டாந்தரம் கேட்பதில்லை. இருபத்தாறு வருடம் லண்டனில் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓடியவர். தைமாதத்தில்தான் அதை விட்டார். “காணும், ஓடினது” என்று சொன்னார். அறுபத்துமூன்று வயது, முதுகும் நோகும், நியாயம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒன்பது பேர் இருக்கக்கூடிய வெள்ளை வான். சாதாரணக் கார் லைசன்ஸில் ஓடக்கூடியவற்றில் அதுதான் பெரியது. கியர் மாற்றி ஓடுகிற வகை. வாடகை அலுவலகத்தில் இருந்த இளம்பெண் இருவரின் லைசன்ஸ் விபரங்களையும் கணினியில் சரிபார்த்தாள். வானைப் பிரான்சுக்குக் கொண்டுபோவதற்கான பத்திரத்தை அச்செடுத்தாள். பிறகு படிவத்தைப் பார்த்து, வாகனம் ஓடக்கூடாது என்று வைத்தியர் யாராவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டாள்.

“இல்லை” என்று இராஜேந்திரன் கையெழுத்துப் போட்டார்.

சிவனேஸ்வரி அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டார். வானின் உயரத்தைப் பார்த்தபோது, இதை ஓடச் சொன்னால் தன்னால் ஏலாது என்று நினைத்துக்கொண்டார். அவர் இரண்டாயிரத்து மூன்றில் கியர் வண்டியில்தான் டெஸ்ட் பாஸ் பண்ணினார். ஆனால் பதினைந்து வருடமாக, கியர் தானாக மாறும் சின்னக் காரில் வேலைக்குப் போய்வருவது மட்டும்தான். வேலை ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் எடுப்பது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேரின் கைகளைத் தடவி நரம்பு தேடுவார்.

பயணம் ஒரு கலியாணத்துக்கு. இராஜேந்திரனின் அக்கா சிவகௌரியின் மகன் விதுசன் பிரெஞ்சுப் பெண் ஒருத்தியை மணக்கப்போகிறான். பெண்ணின் தாய் தகப்பனுக்கு நடுப் பிரான்சில் மாட்டுப் பண்ணை. கிட்டிய ரயில் நிலையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. சனிக்கிழமை பத்தரைக்கு முகூர்த்தம், அந்தப் பண்ணை வீட்டிலேயே. ஐயர் பாரிசிலிருந்து வருகிறார். விதுசன் ஒரு கிழமைக்கு முன்பே போய்விட்டான். தாலியும் கூறைச் சேலையும் சிவகௌரியின் மடியில் இருந்த பெட்டியில் வந்தன.

எப்படிப் போவது என்று வைகாசியில் பேச்சு வந்தபோது சிவகௌரி எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: “தம்பி வான் ஓடினாத்தான் நான் வருவன். வேற ஆரையும் நம்பி ஏறமாட்டன்.”

இராஜேந்திரன் சிரித்தார்.

வானில் அவர்கள் மூவரோடு மகள் ஜதுர்ஷிகா, பக்கத்து வீட்டு ரவிச்சந்திரனும் அவர் மனைவி நீலவேணியும், பின்வரிசையில் விதுசனின் மூன்று நண்பர்கள். ரவிச்சந்திரன் மலேசியாக்காரர், கணக்காளர், வழி பார்க்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டவர். ஜதுர்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் இருந்தது.

இங்கிலாந்து வானுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். பிரான்சில் வாகனங்கள் தெருவின் வலப்பக்கமாகப் போகும். அதனால் ஓடுபவர் தெருவின் கரையோரத்தில் இருப்பார். முன்னால் போகும் லொறியை முந்துவதற்கு, எதிரே ஏதும் வருகிறதா என்று இடப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த வேலை சிவனேஸ்வரிக்கு.

“வாங்கோ” என்பார். அல்லது “நில்லுங்கோ, நில்லுங்கோ.”

கப்பல் இறக்கிவிட்ட கலே துறைமுகத்திலிருந்து பெருந்தெருவில் போனவரைக்கும் ஒரு குறையுமில்லை. றூவன் நகரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஹொட்டலில் தங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை, சிவகௌரி கொண்டுவந்த றோல்சைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். மத்தியானத்துக்குக் கிட்ட பெருந்தெரு முடிந்தது.

அதன்பிறகு தெருக்கள் ஒடுங்கின. இரண்டு பக்கமும் வேலி மரங்கள், இடைக்கிடை மஞ்சளாகக் கோதுமை, பத்து வீடுள்ள ஊர்கள். அந்த ஊர்களில் ஆட்களைக் காணக் கிடைக்கவில்லை. ஒரு சுற்றுவட்டத்தில் வானின் வலப்பக்கச் சில்லு கரைக்கல்லில் ஏறி இறங்கியது. பெட்டிகள் குலுங்கின.

“ரோட்டு ஒடுக்கம்” என்றார் இராஜேந்திரன்.

கொஞ்சத் தூரத்தில் வலப்பக்கக் கண்ணாடி வேலிக் கொப்பில் உரசியது. சிவனேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மினிகாப் ஓடியபோது ஒரு கை எப்போதும் கியரில் கிடக்கும்.

“களைப்பெண்டா கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன்.”

“இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று அவர் பின்னுக்குக் கேட்டார்.

“நூத்தி இருபது கிலோமீட்டர்தான் அண்ணே” என்றார் ரவிச்சந்திரன். “ரெண்டு மணி நேரத்துல போயிரலாம்.”

பத்து நிமிடம் கழித்து, நேரான ஒரு தெருவில், சிவனேஸ்வரி தூரத்தில் ஒரு மஞ்சள் மேற்சட்டையைக் கண்டார். சைக்கிளில் ஒரு பெண். தெருவின் வலக்கரையில், அவர்கள் போகும் திசையிலேயே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம். வெயில் முதுகுப் பக்கம். எதிரே ஒன்றும் வரவில்லை. இராஜேந்திரன் விலத்திப் போவார் என்று சிவனேஸ்வரி நினைத்தார். வான் விலகவில்லை. வேகமும் குறையவில்லை.

“இஞ்சேருங்கோ, சைக்கிள்!”

“எங்க?” என்று கேட்டார் இராஜேந்திரன்.

அவர் கேட்டு முடியமுன் கண்ணாடி எதிலோ அடித்து மடங்கியது.

அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் நீலவேணி கத்தினார். சிவனேஸ்வரி கதவைத் திறந்து இறங்கி ஓடினார். பெண் தெருவோர வடிகானுக்குள் புல்லில் கிடந்தாள். சைக்கிள் அவள் கால்களின் மேல். அறுபது வயதிருக்கும், நரைத்த கட்டைமுடி. கண் திறந்திருந்தது, பேசினாள். சிவனேஸ்வரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கழுத்தை அசைக்கவேண்டாம் என்று சைகையால் காட்டி, தலையையும் இடுப்பையும் காலையும் தொட்டுப் பார்த்தார். இடது மணிக்கட்டு வளைந்திருந்தது. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஜதுர்ஷிகாவைக் கூப்பிட்டு அவசர இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னார். தன் சால்வையை மடித்துக் கையின் கீழ் வைத்தார். அந்தப் பெண் சிவனேஸ்வரியின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

இராஜேந்திரன் வானின் முன்பக்கத்தில் நின்றார். கிட்ட வரவில்லை.

அம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. அங்கே அது தீயணைப்புப் படையின் வேலை. கையைக் கட்டிப் படுக்கையில் ஏற்றியபோது அந்தப் பெண் தன் சைக்கிளைக் காட்டி ஏதோ கேட்டாள்.

“சைக்கிளை இங்க விட்டிட்டுப் போகாதேங்கோ எண்டு சொல்லுறா” என்றாள் ஜதுர்ஷிகா.

பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தெருவை அளந்தார், படம் எடுத்தார். மற்றவர், இளைஞர், இராஜேந்திரனைக் குழாயில் ஊதச் சொன்னார். அதில் ஒன்றுமில்லை. லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்துகொண்டு ஜதுர்ஷிகாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“அப்பா, எப்பிடி நடந்தது எண்டு கேக்கினம். அவவைக் கண்டனீங்களோ எண்டு கேக்கினம்.”

சிவகௌரி பெட்டியைக் கையில் பிடித்தபடி தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “வெயில் கண்ணுக்கை அடிச்சது எண்டு சொல்லு, தம்பி” என்றார் மெதுவாக. “அவை நம்புவினம். நாளைக்குக் கலியாணம்.”

பொலிஸ்காரருக்குத் தமிழ் விளங்காது. அவர் கொப்பியோடு காத்துக்கொண்டு நின்றார். ஜதுர்ஷிகா மாமியைப் பார்த்தாள், பிறகு அப்பாவை. விதுசனின் நண்பர்கள் வானுக்குப் பின்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நான் காணேல்லை” என்றார் இராஜேந்திரன். “எனக்கு வலப்பக்கம் வடிவாத் தெரியிறேல்லை. கண்ணிலை பிரஷர். வாகனம் ஓடவேண்டாம், லைசன்ஸ் ஒஃபீசுக்கு அறிவிக்கச் சொல்லி கிளினிக்கிலை சொன்னவை. அதையும் சொல்லு.”

ஜதுர்ஷிகா சிவனேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லு பிள்ளை.”

அவள் சொன்னாள். சொற்கள் தெரியாத இடத்தில் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்தி, அவளைத் திருப்பிச் சொல்லவைத்தார். அவள் திரும்பவும் சொன்னாள்.

சிவனேஸ்வரி இவ்வளவையும் கானுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். தேத்தண்ணீர் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றப்பட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தேடிய கை. பங்குனியில், கடை வாசலில், எதிரே வந்த ஒரு குழந்தையோடு மோதியது. ஒவ்வொன்றுக்கும் அப்போது ஒரு காரணம் இருந்தது.

பக்கத்து ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்கு இராஜேந்திரனைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். ஜதுர்ஷிகாவும் போகவேண்டும். வானை இனி அவர் தொடக்கூடாது. வாடகைப் பத்திரத்தைப் பார்த்து, இதில் இன்னொரு பெயர் இருக்கிறதே, அது யார் என்று இளைஞர் கேட்டார்.

“நான்” என்றார் சிவனேஸ்வரி.

ஓடத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. சிவனேஸ்வரியின் லைசன்ஸைப் பார்த்தார், ஊதச் சொன்னார், வானின் திறப்பைக் கையில் கொடுத்தார்.

சாரதி ஆசனத்தை முன்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. கிளச் காலுக்கு எட்டியதும் கண்ணாடிகளைச் சரிசெய்தார். மடங்கிய கண்ணாடியை விதுசனின் நண்பன் ஒருவன் வெளியிலிருந்து விரித்துவிட்டான். கீறல் இருந்தது, உடையவில்லை.

“ஆன்ட்டி, எனக்கு லைசன்ஸ் இருக்கு. நான் ஓடட்டா?” என்று அவன் கேட்டான்.

“உங்கட பேர் பேப்பரிலை இல்லைத் தம்பி. ஏறுங்கோ.”

முதல்தரம் வான் துள்ளி நின்றது. இரண்டாந்தரமும் நின்றது. மூன்றாவது முறை எஞ்சின் உறுமியது, வான் நகர்ந்தது. இடப்பக்க ஆசனத்தில் இப்போது சிவகௌரி இருந்தார். வாழ்க்கையில் ஒருநாளும் ஸ்டியரிங் பிடிக்காதவர். பெல்ட்டைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“மச்சாள், எதிர்ப் பக்கம் ஏதும் வந்தா சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதைக்கவேண்டாம்.”

“சரி” என்றார் சிவகௌரி.

பொலிஸ் நிலையம் எட்டுக் கிலோமீட்டர். அதன் முன்னால் மரநிழலில் வானை நிறுத்தி இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். நீலவேணி தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்தார். ரவிச்சந்திரன் விதுசனுக்குப் போன் எடுத்து, சின்ன அக்சிடென்ட், யாருக்கும் பெரிசா ஒண்ணுமில்ல, லேட் ஆகும் என்று சொன்னார். சிவகௌரி வானிலிருந்து இறங்கவே இல்லை.

ஒருமுறை சொன்னார்: “நான்தான் அவனை ஓடச் சொன்னனான்.”

“நீங்கள் கேட்டனீங்கள். அவர் மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம்” என்றார் சிவனேஸ்வரி.

“பொய்யும் சொல்லச் சொன்னன்.”

இராஜேந்திரன் வெளியே வந்தபோது கையில் ஒரு மடித்த தாள் இருந்தது. லைசன்ஸை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கூப்பிடும்போது வரவேண்டும், அல்லது வழக்கறிஞர் ஒருவரை அனுப்பவேண்டும். அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, வேறு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததாக ஜதுர்ஷிகா சொன்னாள். யாரையும் நேரே பார்க்காமல், இராஜேந்திரன் பின்வரிசைக்குப் போய் நடுவில் உட்கார்ந்தார். நண்பர்களில் ஒருவன் முன்வரிசைக்கு மாற, மற்ற இருவரும் அவருக்கு இடம்விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

மீதி நூறு கிலோமீட்டரைச் சிவனேஸ்வரி மூன்று மணி நேரத்தில் ஓடினார். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. ஒரு உழவு இயந்திரம் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. கரையில் இடம் வந்ததும் நிறுத்தி அதைப் போகவிட்டார். ஒரு மேட்டில் பாரம் ஏற்றிய லொறி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது.

“ஒண்டும் வரேல்லை” என்றார் சிவகௌரி. “வா.”

“வடிவாப் பாருங்கோ.”

“நில், நில்… ஒரு கார். சரி, போட்டுது. வா, ஈஸ்வரி, இப்ப வா.”

கியரைக் குறைத்து, மிதித்து, லொறியை முந்தி மறுபடி வலக்கரைக்கு வந்தபோது பின்னாலிருந்து ரவிச்சந்திரன், “ஆமா, அப்படித்தான்” என்றார். சிவனேஸ்வரியின் முதுகு நனைந்திருந்தது. பயம் இருந்தது. அதைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது. கண்ணாடியில் பின்வரிசையின் நடுவில் இருந்த முகம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் தெருவை மட்டும் பார்த்து ஓடினார். சைக்கிளில் யாரும் தென்பட்டால், எவ்வளவு தூரத்தில் என்றாலும், வேகத்தைக் குறைத்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விதுசனும் மணப்பெண் கிளமான்சும் அவளுடைய தாய் தகப்பனும் வாசலில் நின்றார்கள். தகப்பன் வந்து வானின் கதவைத் திறந்து, சாரதி ஆசனத்திலிருந்த சிவனேஸ்வரிக்குக் கைகொடுத்து இறக்கினார். கால் தரையில் பட்டதும் அவரது தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

மறுநாள் பத்தரைக்குத் தாலி ஏறியது. வைக்கோல் களஞ்சியத்தில் மணவறை. தாய்மாமன் என்ற முறையில் இராஜேந்திரன் விதுசனுக்குத் தலைப்பாகை வைத்தார், படங்களுக்கு நின்றார், கேட்டவர்களுக்கு நடந்ததை அப்படியே சொன்னார். சிவனேஸ்வரி அவரோடு பேசவில்லை. அது யாருக்கும் தெரியாதபடி பேசாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பிய வழியிலும் சிவனேஸ்வரிதான் ஓடினார். கப்பலில் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது, மேல்தட்டில் அவர் தனியாக நின்றார். இராஜேந்திரன் வந்து பக்கத்தில் நின்றார்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டார் சிவனேஸ்வரி.

“மாசி மாதம் கிளினிக்கிலை சொன்னவை. அதுக்கு முதலே ஒரு சந்தேகம் இருந்தது. அதுதான் காப்பை விட்டனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா ஓட விடமாட்டாய்.”

“ஓம். விடமாட்டன்.” சிவனேஸ்வரி கடலைப் பார்த்தபடி கேட்டார்: “பிறகு ஏன் என்ர பேரைப் போட்டனீங்கள்?”

“இடையிலை எனக்கு ஏலாமல் போனா நீ இருக்கிறாய் எண்டு நினைச்சன்.”

“அப்ப ஏலாமல் போகும் எண்டு தெரியும்.”

“ஓம்.”

“தெரியாமல் செய்திருந்தா நான் இவ்வளவு கோவிச்சிருக்கமாட்டன். தெரிஞ்சுகொண்டு எங்கள் எட்டுப் பேரையும் ஏத்தினனீங்கள். உங்கட பிள்ளையையும்.”

“அக்கா கேட்டாப்போலை… எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தவை.”

“அதுக்கு?”

இங்கிலாந்துக் கரையில் டோவரின் வெள்ளைப் பாறை தெரியத் தொடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

புரட்டாதியில் பிரான்சிலிருந்து தீர்ப்பு வந்தது. ஒத்திவைக்கப்பட்ட மூன்று மாதச் சிறை, மூன்று வருடத்துக்கு அங்கே வாகனம் ஓடத் தடை. அதற்கு முன்பே அவர் இங்கே லைசன்ஸ் அலுவலகத்துக்குத் தானே எழுதியிருந்தார். அவர்களும் லைசன்ஸை நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். வாடகை நிறுவனம், இனித் தங்களிடம் வாகனம் எடுக்க வரவேண்டாம் என்று எழுதியது.

காயப்பட்ட பெண்ணின் பெயர் ஒடீல். ஜதுர்ஷிகா அந்தப் பெண்ணின் மகளுடைய முகவரியைத் தேடிப்பிடித்து மின்னஞ்சல் போட்டிருந்தாள். பதில் ஐப்பசியில்தான் வந்தது. ஜதுர்ஷிகா அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். கை பொருந்திவிட்டது. விரல்கள் இரண்டு முன்புபோல மடங்கவில்லை. சைக்கிளைத் திருத்திக் கொடுத்தும் அம்மா அதில் ஏறவில்லை, பயமாக இருக்கிறதாம். பக்கத்து வீட்டாருடைய காரில்தான் கடைக்குப் போகிறாள். உங்கள் தகப்பன் அன்று உண்மை சொன்னதால் எங்களுக்கு அலைச்சல் குறைந்தது, அதற்கு நன்றி. ஆனால் மேலும் எழுதவேண்டாம்.

“இன்னொருக்கா வாசி” என்றார் இராஜேந்திரன்.

அவள் வாசித்தாள். அவர் எழுந்து அறைக்குப் போனார்.

கார்த்திகையில் கண் கிளினிக்கில் அவருக்கு மறுபடி சோதனை இருந்தது. முதன்முறையாகச் சிவனேஸ்வரி கூடப் போனார். பஸ்ஸில் போனார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். சிவனேஸ்வரி சுவரோரம் கதிரையில் இருந்து பார்த்தார். அவர் அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் கேட்கவில்லை. கிண்ணத்துக்குள் வெளிச்சங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

முடிந்ததும், சோதித்த பெண் முடிவுத் தாளைச் சிவனேஸ்வரியிடம் காட்டினாள். வட்டமாக ஒரு படம். வலப்பக்கத்தின் பெரும்பகுதி கறுப்பு.

“இவ்வளவும் கறுப்பாவோ தெரியுது உங்களுக்கு?” என்று சிவனேஸ்வரி கேட்டார்.

“இல்லை” என்றார் இராஜேந்திரன். “கறுப்பெண்டாத் தெரிஞ்சிருக்குமே. அந்த இடத்திலை ஒண்டும் இல்லாத மாதிரி. வெறும் ரோட்டு மாதிரித்தான் இருக்கும்.”

சிவனேஸ்வரி தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அடுத்த சோதனைத் தவணை எப்போது என்று கேட்டு, திகதியைத் தன் போனில் பதிந்துகொண்டார். அவருக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட் இருந்தது.

“வீட்டை தனியப் போவியளோ, நான் கூட வந்து விடட்டோ?”

“நான் போறன். நீ வேலைக்குப் போ.”

“ரோட்டைக் கடக்கேக்கை ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பாருங்கோ.”

“ஓம்” என்றார் அவர்.